பொத்தல் விழுந்த இலைகள்

ஆகாயத்தாமரை ஏரியை மூடியதிலிருந்து ந்யாகுவே கரையில் படகுகள் மணலில் கிடந்தன. ஓமேனா மீனைக் காயவைத்து விற்றே பிள்ளைகளை வளர்த்த அக்கேலோவுக்குக் காயவைக்க மீனில்லை. அந்தச் செடியை மட்டுமே தின்னும் கூன்வண்டுகளை ஆராய்ச்சி நிலையத்தார் கொண்டுவந்து, யாராவது பெருக்கித் தருவீர்களா என்று கேட்டபோது கரையே சிரித்தது. அவள்தான் கை தூக்கினாள். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி, செடியை மிதக்கவிட்டு அதில் வண்டுகளை வளர்த்தாள். எடுத்த வேலையை அரைகுறையாக விடும் பெண்ணல்ல அவள். மழை ஓய்வதற்குள் இலையெல்லாம் பொத்தலாகி, காம்புகள் அழுகிக் குழி நாறியது. வண்டுகள் பெருகிவிட்டன; அதுதான் விளைச்சல். மாவட்ட அதிகாரி வந்து பார்த்ததும் அவற்றை ஏரியில் விடுவதாக ஏற்பாடு.

அவர் வருவதற்கு முந்தின நாள் சந்தைக்குப் போய்த் திரும்பியவள் குழியைப் பார்த்து நின்றுவிட்டாள். பச்சைப்பசேலென்ற செடிகள், கொத்துக் கொத்தாக ஊதாப்பூ. பக்கத்தில் அவளுடைய கொழுந்தன் ஒபுரா, கரைச் சங்கத் தலைவன், இடுப்பில் கை வைத்து நின்றான்.

"எப்படி இருக்கு அண்ணி? பெரியவங்க வர்ற எடம். அழுகலை அள்ளிட்டு நல்ல செடியாப் போடச் சொன்னேன்."

"நல்ல செடியா? அதைக் கொல்லத்தானே தம்பி இத்தனை பாடு!"

"நோய் புடிச்சதைக் காட்டினா நம்ம கரையோட மானம் போகாதா?"

"வண்டு குருத்துல இருக்கு. புழு காம்புல, கூடு வேர்ல. அள்ளினதை எங்க கொட்டினே?"

ஒபுராவின் குரல் இறங்கியது. "மணல்ல... காஞ்சதும் கொளுத்தலாம்னு..."

அவள் ஓடினாள். குவியலின் மேல்பகுதி வெயிலில் அப்பளமாகியிருந்தது. இரண்டு கையாலும் கிளறினாள். அடியில்தான் கொஞ்சம் ஈரம்.

"ஷூவைக் கழட்டு. இதையெல்லாம் தூக்கிட்டு ஏரியில எறங்கு."

"ஜனங்க பாக்குறாங்க அண்ணி."

"பாக்கட்டும். உனக்கு ஓட்டுப் போட்டவங்கதானே? நீ வேலை செய்யறதையும் ஒரு தடவை பாத்துக்கட்டும்."

"நாளைக்கு அதிகாரி வருவாரே, அவருக்கு என்னத்தைக் காட்டறது?"

"உன் மூஞ்சியைக் காட்டு."

அவன் ஷூவோடு கரையிலேயே நிற்க, அவளே மார்பளவு தண்ணீரில் இறங்கி, அடர்ந்த செடிகளை விலக்கி, ஈரமானவற்றை ஒவ்வொன்றாகச் செருகினாள். வண்டுகளும் புழுக்களும் பாதிக்கு மேல் செத்திருந்தன.

மறுநாள் அதிகாரி குழியருகே பூவைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவள் தண்ணீரில்தான் இருந்தாள். நேற்று வழவழப்பாக இருந்த இலையொன்றில் புதிதாக வண்டு தின்ற நாலைந்து சுரண்டல்கள். ஒபுரா கரையிலிருந்து கெஞ்சிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை; அடுத்த இலையைப் புரட்டினாள்.