பக்கத்துக் கம்பெனி சங்கும் எங்கள் புரதப் பூச்சும்

புரதத்தில் பூச்சு செய்து, கெட்டியாகவோ மெத்தென்றோ கேட்ட பதத்தில் கொடுப்பது எங்கள் தொழில்; பதம் தவறினால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அதே தொழில்தான். தரம் பார்க்கும் வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, பிழைத்துவிட்ட தைரியத்தில் சொல்கிறேன்.

ரயிலில் ஒரு விளக்கம்

வேப்பம்பட்டில் என்னோடு ரயில் ஏறும் பக்கத்து வீட்டு அக்கா, காக்களூரில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் உயிர்ச் செல்களைச் சின்னத் தட்டுகளில் வளர்ப்பார்கள், அந்தத் தட்டுக்கு ஜெலட்டின் என்ற புரதத்தைப் பூசுகிறோம், எலும்புச் செல்லுக்குக் கெட்டியாக, நரம்புச் செல்லுக்கு மெத்தென்று என்றேன். திருவள்ளூர் வரும்வரை யோசித்தார்.

"அத்த சொல்லு. செல்லுக்குப் பாய் விரிக்கிற வேலைன்னு."

திரும்பி வந்த பெட்டிகள்

நரம்புச் செல்லுக்கு அனுப்பிய தட்டுகள் இரண்டு தடவை திரும்பி வந்தன. மூன்றாவதும் வந்தால் இந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்று முதலாளி அமைதியாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள்? பயத்தில் ஜெலட்டின் கொடுப்பவரிடம் சண்டை போட்டேன், தண்ணீரை மூன்று தடவை சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. வாடிக்கையாளர் மட்டும் போனில் சொன்னதையே சொன்னார்.

"மேடம், நாங்க கேட்டது நரம்புக்கு. நீங்க எலும்புக்கு அனுப்பியிருக்கீங்க."

கடிகாரம் இல்லாத அறை

கடைசியில் பூச்சு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, பூச்சு போடும் மேரி அக்காவையே பார்த்தேன். வெளிக் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி பார்த்துவிட்டு உள்ளே போனவர், உடனே தட்டுகளை இறுக்கும் திரவத்தில் வைத்தார். அரை மணியில் எடுக்க வேண்டும். கூடுதலாக ஊறினால் கெட்டியாகிவிடும். பன்னிரண்டரை ஆயிற்று, அசையவில்லை. முக்காலுக்குப் பக்கத்துக் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. உடனே எடுத்தார்.

அந்த அறைக்குள் போன், வாட்ச் எதுவும் போகக் கூடாது. தூசு சேருகிறது என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்ற வைத்த புண்ணியவதி நானேதான். அதிலிருந்து அக்கா சங்கை நம்பியிருக்கிறார். போன மாதம் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சாப்பாட்டைப் பன்னிரண்டரையிலிருந்து கால் மணி தள்ளிவைத்தது எங்கள் யாருக்கும் தெரியாது. வெளியே வந்தவரைத் திட்டப் போனவள், சங்கு நேரம் மாறியதை மட்டும் சொன்னேன்.

"நான் இன்னா பண்றது மேடம், சோறு துன்ற டைம மாத்திக்கினா நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்ல வாணாமா?"

மூன்றாவது பெட்டி

உள்ளே ஒரு டைமரை வைத்துப் புதுத் தட்டுகளை அனுப்பினோம். செல் பிடிக்கிறதா என்று தெரிய நாலு நாள் ஆகும். எனக்குச் சோறு இறங்கவில்லை. மேரி அக்கா பொன்னேரியில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் வாடிக்கையாளரின் போன் வந்தது. கேட்டதும் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

"நரம்பெல்லாம் நல்லா நீண்டு வருது மேடம். இதே பதத்துல மாசாமாசம் அனுப்புங்க."

ஆக, இவ்வளவு படிப்பும் கருவியும் வைத்திருந்த எங்கள் பூச்சின் பதத்தை ஒரு மாதம் முழுக்க முடிவு செய்தது, பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்குப் பசிக்கும் நேரம்தான்.