காசு கொடுத்தவர் வெளியே இருக்கவேண்டும்

ஸ்டோவ்னரில் பலசரக்குக் கடை வைத்திருந்த சற்குணத்தாரைப் போல ஒரு பொறாமைக்காரரை ஒஸ்லோ முழுக்க விளக்குப் பிடித்துத் தேடினாலும் கண்டிருக்க மாட்டீர்கள். பக்கத்துக் கடையில் இரண்டு சனம் கூடுதலாக நின்றால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. வயது ஐம்பது. தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பெண் பார்க்க ஒருவரும் மிச்சம் இருக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் 2006ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் வழக்குக்குக் காசு கட்டினார் என்றால், சும்மா கட்டியிருப்பாரா?

அவள் பெயர் புஷ்பமலர். நகரத்தின் மறுகோடியில், ஹொல்ம்லியாவில் இருந்தாள். புருசன் கனடாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். சலவை ஆலையில் வேலை செய்தபோது துணி ஏற்றிய வண்டில் சரிந்து அவளுடைய வலது தோள் போயிற்று. காப்புறுதிக்காரர், அது பழைய நோவு என்று கையை விரித்தார்கள். வழக்குப் போடலாம் என்றால், அரசாங்கத்தின் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் எல்லையை அவளுடைய சம்பளம் மயிரிழையில் தாண்டியிருந்தது. கடைக்குச் சாமான் வாங்க வந்தவள் இதைச் சொல்லிக் கண் கலங்கினாள்.

"நான் கட்டுறன்," என்றார் சற்குணத்தார். "எனக்குப் பங்கும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்."

அவர் கேட்காமல் விட்டது எதுவென்று அவருக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

வழக்கறிஞர் ஏரிக் நெட்டையான ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே, புஷ்பமலரைப் பக்கத்தில் இருத்திவிட்டு, சற்குணத்தாரைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னான்: "யாருடைய காசு என்று நான் கேட்டுத்தான் ஆகவேண்டும், அது சட்டம். ஆனால் காசு கொடுப்பவர் வழக்கை நடத்த முடியாது. இவர் என்னிடம் சொல்வதை உங்களிடம் சொல்லவும் மாட்டேன். காசு போட்டவர் தன் ஆசைக்கு வழக்கை இழுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் எங்களுக்கு இந்த விதி. இனி நாங்கள் இருவரும் தனியாகக் கதைக்க வேண்டும்."

தனியாக! சற்குணத்தார் கதிரையைச் சத்தமாகத் தள்ளிவிட்டு எழும்பினார். ஏரிக் கதவை மரியாதையாகத்தான் திறந்துவிட்டான். மரியாதை ஒன்றுதான் குறைச்சல்!

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஹொல்ம்லியாவுக்குக் காரில் போய் அவளை ஏற்றிவந்து, ஏரிக்கின் வாசலில் விட்டு, வெளியே கதிரையில் இருந்தார். உள்ளே சிரிப்புக் கேட்கும். காசு என்னுடையது, சிரிப்பு அவனுக்கோ என்று மனம் கொதிக்கும்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"எல்லாந்தான் அண்ணை. ஏரிக் நல்ல பொறுமையாக் கேக்கிறார். என்ரை மனுசன் விட்டிட்டுப் போனதிலை இருந்து நடந்தது எல்லாத்தையும் சொன்னனான்."

அதில் ஒரு சொல்லைக்கூட இவரிடம் அவள் சொன்னதில்லை. "அந்த உயரத்துக்கு மூளைக்கு ரத்தம் ஏறாது," என்றார் சற்குணத்தார். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவருக்கோ அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டதைவிடச் சின்னதாகப் பட்டது.

வழக்கு விசாரணைக்கு முன், நீதிமன்றத்தில் இரு தரப்பையும் சமாதானப்படுத்த ஒரு நாள் ஒதுக்கினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு புஷ்பமலர் வெளியே ஓடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணை, கேட்டதிலை பாதி தருகினமாம்! ஏரிக் எடுக்கச் சொல்லுறார். இண்டையோடை எல்லாம் முடிஞ்சிடும்."

பாதி என்பது அவர் காதில் ஏறவேயில்லை. ஏரிக் சொல்லுகிறார், முடிந்துவிடும் என்ற இரண்டும்தான் ஏறின. முடிந்தால் நாளைக்கு ஹொல்ம்லியாவுக்குப் போக என்ன சாட்டு? அவள் வாழ்நாள் முழுக்க ஏரிக்கின் பெயரையல்லவா சொல்லிக்கொண்டு திரிவாள்!

"பாதிக்கோ இவ்வளவு பாடு பட்டனீங்கள்? அவனுக்கு அலுத்துப்போச்சு, அதுதான் முடிக்கப் பாக்கிறான். விடாதேங்கோ. நான் இருக்கிறன்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "நீங்கள்தானே காசு கட்டினது. உங்கடை சொல்லை மீறி நான் என்னெண்டு எடுக்கிறது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஏரிக் வந்தான். "நீங்கள் அவரிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"நானோ? நான் வெளியில்தானே இருக்கிறேன்," என்றார் சற்குணத்தார். நெட்டையனை வென்றுவிட்ட சந்தோசப் புளுகத்தில் அன்று அவருக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மாரிக்குளிர் தொடங்கும்போது தீர்ப்பு வந்தது. தோள் நோவு பழையதுதான் என்று நீதிபதி எழுதிவிட்டார். அவளுக்கு ஒரு குரோனரும் இல்லை. போதாததற்கு எதிர்த்தரப்பின் செலவும் அவள் தலையில் விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் புஷ்பமலர் கடைக்கு வந்தாள். மேலங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு, விளக்குமாற்றை எடுத்தாள்.

"என்ன செய்யிறியள்?" என்று பதறினார்.

"நீங்கள் கட்டின காசு கழியுமட்டும் பின்னேரத்திலை வந்து நிக்கிறன்."

"எனக்கு வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்!"

"உங்களுக்கு வேண்டாம், எனக்கு அது சரிவராது. நீங்கள் என்ரை நன்மைக்குத்தானே அண்டைக்கு எடுக்காதை எண்டு சொன்னனீங்கள். என்ரை ராசி, உங்கடை காசும் போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் இனி இந்த வாசற்படியை அவள் மிதிக்க மாட்டாள் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

இப்போது அவள் தினமும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறாள். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. ஒருநாள் சிவப்பரிசி மூட்டையை இடக்கையால் இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. சற்குணத்தார் பாய்ந்து வந்தார்.

"விடுங்கோ, விடுங்கோ! நான் தூக்கிறன்."

அவள் சட்டென்று ஒதுங்கித் தலையைக் குனிந்தாள்.

"நீங்கள் இருங்கோ முதலாளி. நான் பாக்கிறன்."