அரிசித் தொட்டியில் அத்தையும் நானும்

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியும் மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். என் பிறந்த வீடு காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீடு. கணவர் வீட்டாருக்கு வாலாஜாபாத்தில் சின்ன அரிசி மில்.

அன்று மில்லில் எங்கள் வீட்டுக்கான நெல்லை அரைத்தார்கள். பாலீஷ் ஆன அரிசி ஓர் இரும்புத் தொட்டிக்குள் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு அனுப்பலாமென்று தொட்டி விளிம்பில் எக்கி நின்று வீடியோ எடுத்தேன். செல்போன் கை நழுவி உள்ளே விழ, கொட்டுகிற அரிசி அதை மூடிவிட்டது.

மெஷினை நிறுத்தினார்கள். காலைக் கழுவித் துடைத்து, அரிசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். காலை அப்படியும் இப்படியும் ஆட்டித் துழாவியதில் முழங்கால் வரை புதைந்துபோனேன். கட்டைவிரலில் செல்போன் தட்டுப்பட்டது. குனிந்து, தோள்வரை கையை விட்டு எடுத்தும்விட்டேன். மேலே ஏறத்தான் முடியவில்லை. கீழே யாரோ காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இழுக்க இழுக்க அரிசி இறுகியது.

“இன்னாமா பண்ணிக்கினு இருக்கே? ஏறி வா!” என்று தொட்டியருகே நின்ற மாமியார் கையை நீட்டி இழுத்தார். நான் அசையவில்லை. அவரும் காலைக் கழுவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். என் இடுப்பைப் பிடித்துத் தூக்கத் தூக்க, அவர் கால்தான் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் இருவரும் நட்டுவைத்த கம்பங்களாக எதிரெதிரே நின்றோம்.

“அத்தை, உங்களுக்கும் மாட்டிக்கிச்சா?”

“வாயை மூடு,” என்றார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்!

சத்தம் கேட்டு என் கணவர் ஓடிவந்தார். “ரெண்டு பேரும் தொட்டிய கெட்டியா புடிச்சுக்கோங்க, வைப்ரேட்டர் போடறேன்.”

அரிசி தங்காமல் இறங்குவதற்காகத் தொட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் சின்ன மோட்டார் அது. அடிவாயைத் திறக்காமல் அதை மட்டும் போட்டார். தொட்டி உர்ரென்று அதிர்ந்தது. பல்லெல்லாம் கிடுகிடுத்தது. காலைப் பிடித்திருந்த பிடி சட்டென்று விட்டது. அத்தனை அரிசியும் தண்ணீராக இளகிவிட்டது. காலைத் தூக்கினேன், குளத்திலிருந்து எடுப்பதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஐயய்யோ, உள்ளங்கால் கூசுதுடா!” என்று மாமியார் கத்தினார். அவர் குரலும் சேர்ந்து அதிர, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கணவர் மோட்டாரை அணைத்தார். மாமியார் ஒற்றைக் காலை மறுபடியும் அரிசிக்குள் விட்டு அழுத்தினார். நன்றாகச் சிக்கியது.

“போடுடா,” என்றார். கால் வழுக்கிக்கொண்டு வந்தது.

“நிறுத்துடா.” திரும்பவும் காலை விட்டார். சிக்கியது.

“அம்மா, வேலை கெடக்குதுமா!”

“கெடக்கட்டும்,” என்று மகனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீயும் எறங்குமா. ஒண்டியா நின்னா ரொம்ப கூசுது.”

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.