நாலாம் வகுப்பில் மூன்று வருடம்

வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவர்தான் சொன்னார்: "உங்களோட படிப்பிச்ச பொன்னம்மா ரீச்சர் மோசம் போயிட்டா. குலைப்பன் காய்ச்சல்."

எங்கள் பாடசாலையில் இரங்கற்கூட்டம் வைத்தார்கள். பொன்னம்மா பொறுமையின் வடிவம் என்றார் தலைமை ஆசிரியர். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும். பொறுமை அவரிடம் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் இன்றும் நம்மோடு இருந்திருப்பார்.

தங்கம் என் வகுப்புப் பிள்ளை. நாலாம் வகுப்பில் மூன்றாவது வருடம். வகுப்புப் பதிவேடான இடாப்பில் அவள் பெயருக்கு நேரே 'மந்தபுத்தி' என்று எழுதியவன் நான். பொன்னம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அவட வீட்ட போய்ப் பாத்தீங்களா?"

"நேரம் எங்க, ரீச்சர்?"

"எனக்கு இரிக்கி. எழும்புங்க."

அறுவடைக் காலம். வட்டை வயலில் தாய் கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள். வயலோரத்து வாடிக் குடிசைக்குள் தங்கத்தின் இடுப்பில் ஒரு குழந்தை, பாயில் காய்ச்சலோடு இன்னொன்று. அவளுக்கே காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். "நாலாம் புத்தகத்துல என்ன இரிக்கி, மகள்?" என்று பொன்னம்மா கேட்டார். குழந்தையை ஆட்டிக்கொண்டே முதல் பாடத்திலிருந்து மளமளவென்று ஒப்பித்தாள் அந்தப் பிள்ளை. பரீட்சை வரும் ஒவ்வொரு மாசியிலும் அவள் இந்த வாடியில்தான் இருந்திருக்கிறாள்.

அரிவாளோடு வந்த தாய் என்னைத்தான் கேட்டாள். "நான் வெட்டப் போகாட்டி இதுகளுக்குச் சோறு ஆரு போடுற? இவள் பள்ளிக்கு வந்தா புள்ளையள ஆரு பாக்குற?"

அறுவடை முடிந்தபின் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகப் பரீட்சை வையுங்கள் என்று பொன்னம்மா கேட்டார். சட்டத்தில் இடமில்லை என்றார் தலைமை ஆசிரியர்.

"சட்டம் எழுதினவருக்கு வெள்ளாமை எப்ப வெட்டுற எண்டு தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே?"

பள்ளியைப் பார்வையிட வித்தியாதரிசி வந்தபோது அவரிடமும் பொன்னம்மா அதையே சொன்னார். வித்தியாதரிசி என் பக்கம் திரும்பினார். "நீர்தானே வகுப்பாசிரியர்? அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா?"

தலைமை ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடாப்பில் உள்ளபடிதான், ஐயா" என்றேன்.

ஒரு மாதத்துக்குள் பொன்னம்மாவைப் படுவான்கரைக்கு மாற்றினார்கள். காடும் மலேரியாக் காய்ச்சலும் உள்ள இடம் என்று தெரிந்தே மாற்றினார்கள். போகும் அன்று என்னிடம் வந்தார். "அந்தப் புள்ள மறுகாவும் நாலாம் வகுப்புலதான் இரிக்கப் போறாள். ஆராலே எண்டு உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினார். தங்கம் அதன்பின் பள்ளிக்கு வரவேயில்லை. அவள் பெயரை வெட்டியதும் என் கைதான்.

அவருடைய கோபம் மட்டும்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. இந்த மாசியில் வகுப்பேற்றக் கூடாதவர்கள் என்று ஒன்பது பெயர்களை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். நான் போடவில்லை. ஒன்பது வீட்டுக்கும் நடந்தே போய் வந்தேன். எழுத்தில் விளக்கம் கேட்டார் தலைமை ஆசிரியர். நேற்றுக் கொடுத்துவிட்டேன். அன்று வித்தியாதரிசியிடம் நான் சொன்னது பொய் என்பதே அதன் முதல் வரி.