84ஆம் டோக்கனை யார் பார்ப்பது?

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, புறநோயாளிகள் பதிவறை எழுத்தர் எழுதுவது.

குற்றச்சாட்டு: மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணிக்கு முறைப்படி டோக்கன் பெற்ற 84ஆம் எண் நோயாளியை இம்மருத்துவமனை இன்றுவரை பரிசோதிக்கவில்லை. மாறாக அவருக்கு ஒரு குறிப்பாணையும், டோக்கன் கொடுத்த எனக்கு ஒரு குறிப்பாணையும் வழங்கியுள்ளது. நகல்கள் இணைப்பில்.

நோயாளி, மூன்றாம் அறையின் பொது மருத்துவர். பதினொரு ஆண்டுகளாக அவர் அறைக்கு எதிரே என் ஜன்னல். அன்று காலை எட்டு மணி முதல் பத்தரை வரை எண்பத்து மூன்று பேரைப் பார்த்தார். தலைக்கு ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. ஜனங்கள் தாராள மனத்துடன் அவரை 'ரெண்டு நிமிஷ டாக்டர்' என்கிறார்கள். தூக்கம் வராதவர்களிடம் எட்டு மணி நேரம் தூங்கச் சொல்வார். மதியம் தாயார் தொலைபேசியில் "சாப்டியாடி?" என்று கேட்டால், "ஆச்சும்மா" என்பார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் வீடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் தாங்கள் 'மன அமைதி வாரம்' அறிவித்தீர்கள். சுற்றறிக்கையின்படி, மருத்துவர்கள் மணிக்குப் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். நோயாளிகள் எண்ணிக்கை குறையக் கூடாது. கையில் வைத்துப் பிசைய ஆளுக்கொரு ரப்பர் பந்து. அப்படியும் மனச்சோர்வு தீராதவர், செவ்வாய் பத்தரைக்கு நடக்கும் மனநலப் பிரிவில் காட்டி, அங்கே சான்றிதழ் பெற்றால் மட்டுமே விடுப்பு.

மார்ச் 11 அன்று அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு டோக்கன் போடுங்க."

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான். நேத்து வீட்ல என் பொண்ணு பக்கத்துல வந்து உட்கார்ந்தா. மூஞ்சியப் பாக்காமலே 'எத்தனை நாளா?'ன்னு கேட்டுட்டேன். 'நீ என்கூட பேசி மூணு நாளாச்சும்மா'ங்கறா. எனக்குப் பதினஞ்சு நாள் லீவு வேணும்ணே. இல்லேன்னா நான் உருப்பட மாட்டேன்."

கேட்டு வரும் எவருக்கும் டோக்கன் மறுக்கலாகாது என்று தாங்கள் ஒட்டிய அறிவிப்பு என் கண்ணாடியிலேயே இருக்கிறது. கொடுத்தேன். அவர் நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோட்டு இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடியில் யார் முகத்தை யார் பார்க்க முடியும்?

அடுத்த டோக்கன்காரப் பெண்மணி அலுத்துக்கொண்டார். "இந்த டாக்டருங்களே இப்படித்தாம்மா. நேரத்துக்கு வரவே மாட்டாங்க."

"ஆமாக்கா. இவங்க ரொம்ப மோசம்."

"உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

"தூக்கம் வரலக்கா," என்றவர், சொல்லிய ஐந்தாவது நிமிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். "சத்தம் போடாதீங்க, பாவம்," என்று அந்தப் பெண்மணி பெஞ்சையே அடக்கினார்.

11.05க்குத் தாங்கள் பந்துப் பெட்டியோடும் புகைப்படக்காரரோடும் வந்தீர்கள்.

"என்னம்மா நாடகம் இது? டூட்டி நேரத்துல இங்க என்ன பண்றீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மனநல டாக்டரைப் பாக்கணும் சார். இன்னும் வரல."

"அந்தப் பிரிவுக்கும் நீங்கதானே பொறுப்பு? ரெண்டு வருஷமா நீங்கதானே பாக்கறீங்க?"

"அதான் சார் பிரச்சனை."

தாங்கள் ஒரு பந்தை அவர் கையில் வைத்தீர்கள், புகைப்படம் எடுக்கப்பட்டது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போய் 85 முதல் 122 வரை பார்த்தார். முதலில் உள்ளே போன அந்தப் பெண்மணி கோட்டுக்கு மேலே இருந்த முகத்தை உற்றுப் பார்த்தாராம். பிறகு, "நீங்க முதல்ல தூங்குங்கம்மா, நான் அடுத்த வாரம் வரேன்," என்றாராம்.

விடுப்பு விண்ணப்பம், மனநலப் பிரிவின் சான்றிதழ் இல்லை என்று திரும்பியது. தனக்குத் தானே சான்றளிப்பது விதிமீறல் என்றும் அதிலேயே குறிப்பு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அவரிடமும், டோக்கன் கொடுத்ததற்கு என்னிடமும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்கின்றன குறிப்பாணைகள். மகளோடு அவர் பேசாத நாட்கள் இப்போது ஒன்பது.

என் சிக்கல் வேறு. ஒவ்வொரு டோக்கனுக்கும் எதிரே 'பார்க்கப்பட்டார்' அல்லது 'திரும்பிச் சென்றார்' என்று எழுதாமல் நான் அன்றைய பதிவேட்டை மூட முடியாது. 84 பார்க்கப்படவில்லை. திரும்பியும் செல்லவில்லை; இதை எழுதும்போதும் எதிர் அறையில்தான் இருக்கிறார். பொய் எழுத எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே 84ஆம் நோயாளியை எந்த மருத்துவர், எந்தத் தேதியில் பார்ப்பார் என்பதை, எங்களுக்கு விதித்த அதே ஏழு நாட்களுக்குள், தங்கள் கையொப்பத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். வாய்மொழிப் பதில் கோப்பில் ஏறாது.