மார்செலுக்கு எதிராக ஒரு சீட்டு

மார்செல் என் ஓரகத்தி. கனடா எல்லைக்கு அப்பாலிருந்து ஒற்றைப் பெட்டியோடு எங்கள் வெர்மாண்ட் ஊருக்கு வந்து என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டவள். வந்த புதிதில் பசுவுக்குப் பக்கத்தில் போகவே பயப்படுவாள். இருபது வருஷத்தில் நாற்பது பசு, பரிசு வாங்கிய சீஸ், பத்திரிகையில் படம். கொழுந்தன் செத்த அன்றுகூட அவள் கறவையை நிறுத்தவில்லை. ஊரே மெச்சும். எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் சாப்பாட்டுக் கடை முன்னால் நடைபாதை போட்டுத் தாருங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது, "காசில்ல எல்டா" என்று கையை விரித்தார்கள். இந்த மார்ச்சில் அவளுக்கு மட்டும், பூட்டிக் கிடக்கும் கம்பளி ஆலையைச் சீஸ் ஆலையாக மாற்ற, ஊர் வரிப்பணத்தில் அறுபதாயிரம் டாலர்! பத்துப் பேருக்கு வேலை வருமாம். ஊர்க்கூட்டம் வாக்களித்துச் சம்மதித்தால் பணம் அவளுக்கு. எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

ஆனால் கூட்டத்தில் கை தூக்கித்தான் வாக்கு. அவளோ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏழு பேர் எழுந்து கேட்டால் ரகசியச் சீட்டு உண்டு. எழுந்தேன்.

"பெர்லி, கைய எண்ணுனா தப்பு வரும். சீட்டுல போடலாம்."

கூட்டத் தலைவர் பெர்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னும் ஆறு பேர் வேணுமே, எல்டா."

என் கடையில் தினமும் சாப்பிடுகிற ஆறு பேர் மரியாதைக்கு எழுந்தார்கள். "சட்டுபுட்டுன்னு முடிங்கப்பா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வச்ச பீன்ஸ் ஆறிப்போவுது" என்றார் ஒருவர்.

தடுப்புக்குப் பின்னால் போய் 'வேண்டாம்' என்று எழுதி நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன். பாதி ஊராவது என்னைப்போல வெந்துகொண்டிருக்கும் என்று நம்பினேன்.

பெர்லி படித்தார். "வேணும், நூத்திப் பதினாறு. வேண்டாம்..." தொண்டையைச் செருமினார். "ஒண்ணு."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. காது சுட்டது.

"யாருப்பா அந்தப் புண்ணியவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மார்செல் எழுந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான். எனக்கு நானே எப்படிப் போட்டுக்குறது? கூச்சமா இருந்துச்சு."

"என்ன மனசு பாருய்யா!" என்று ஊரே எழுந்து கைதட்டியது. நானும் எழுந்து தட்டினேன், வேறு வழி? பாவி, என்னிடம் இருந்தது அந்த ஒரே ஒரு 'வேண்டாம்'. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.