துடைத்த பொட்டு

போன வாரம், ஆயுத பூசைக்கு மறுநாள், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் என் பழைய சிநேகிதர். தேத்தண்ணி குடிக்கப் போனவன் ஒரு விசாரணையில் மாட்டிக்கொண்டேன்.

கொழுந்து சில நாளாக அளவுக்கு மீறிக் காய்கிறதாம். அதை வாட்டும் ஃபேனை எஞ்சின் டிரைவர் சுப்பையா கண்டபடி ஓட்டுகிறார் என்று டீமேக்கருக்குச் சந்தேகம். கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியரை வரவழைத்திருந்தார்.

எஞ்சினியர் ஒரு விளக்கை எடுத்தார். பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கு. சுற்றும் ஃபேன் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். வெளிச்சத்தைக் காட்டி, வெட்டும் வேகத்தைத் திருகிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சக்கரத்திலுள்ள அடையாளம் அசையாமல் நின்றால், அதுதான் சக்கரத்தின் வேகம்.

அடையாளத்துக்கா பஞ்சம்? பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு, எதிரெதிரே இரண்டு. ஓடும் சக்கரத்தில் இரண்டும் அப்படியே நின்றன! விளக்கின் முள்ளைப் பார்த்த எஞ்சினியர், "இருக்க வேண்டிய ஸ்பீடைவிட டபுள்" என்றார்.

"நாளையிலருந்து நீ மலைக்குப் போ!" என்றார் டீமேக்கர். இருபது வருட டிரைவருக்கு மறுபடி மண்வெட்டி.

சுப்பையாவின் முகம் செத்துவிட்டது. "நான் கூட்டவே இல்லீங்க. டபுளா ஓடுனா கூரையே பிச்சிக்கிட்டுப் போயிருக்குங்களே..."

எஞ்சினியர் யோசித்தார். "எஞ்சினை நிப்பாட்டுங்க. பொட்டையெல்லாம் தொடைங்க. சாக்பீஸால ஒரு கோடு போட்டுப் பார்ப்போம்."

சுப்பையா ஒன்றைத் துடைத்தார். மற்றதற்குக் கை போகவில்லை. "சாமிக்கு வச்சதுங்க... இது ஒண்ணு இருக்கட்டுங்க. இதையே கோடா வச்சுக்கங்க."

எஞ்சின் ஓடியது. வெட்டும் வேகத்தை மாற்றாமல் விளக்கைக் காட்டினார்கள். என்ன தெரிந்தது? இரண்டு பொட்டு!

துடைத்த பொட்டு திரும்ப வந்து நிற்கிறது. கொழுந்து பரப்பிய பெண்கள் கும்பிட்டார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன்.

எஞ்சினியர் மட்டும் காது சிவந்து நின்றார். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் விளக்கு இரண்டு முறை வெட்டியிருக்கிறது. ஒரே பொட்டை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை காட்டியிருக்கிறது. விளக்கு வெட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஒரே பொட்டு நின்றது. ஃபேன் சரியான வேகத்தில்தான் ஓடியிருக்கிறது.

கருவி பொய் சொல்லாது என்கிறோம். சரிதான். ஆனால் முள்ளைப் பார்த்ததும் மனிதன் சொல்வதைக் கேட்க மறந்துவிடுகிறோமே...

டீமேக்கர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, வேலையைப் பாரு."

சுப்பையா எஞ்சினை நிறுத்தி, சந்தனம் குழைத்து, துடைத்த இடத்தில் மறுபடி பொட்டு வைத்தார்.

அந்த விளக்கு எவ்வளவு வெட்டியும், ஒரு மன்னிப்பு மட்டும் யார் முகத்திலும் தெரியவில்லை.